நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வளைவு

நாள் 58 / 08:10
தரை நிலையம், தென்துருவப் பள்ளம், நிலவு

ஹோஸ் பராமரிப்பு: கோகிலமணி. மொத்த நீளம் 180 மீட்டர், அறுபது மீட்டர் துண்டுகள் மூன்று. ஓட்டம் நிமிடத்துக்கு 210 லிட்டர். வெளியே வெப்பம் −185. கசிவு இல்லை. மடிப்பு இல்லை.

இந்தப் பள்ளத்தில் வெயில் விழுந்ததே கிடையாது. அதனால்தான் தரைக்கடியில் பனிக்கட்டி இருக்கிறது, அதனால்தான் நாங்களும் இருக்கிறோம். கீழே இருப்பது இரண்டே பேர், நானும் துளை வண்டி ஓட்டும் ராக்கியண்ணனும். மற்ற ஆறு பேரும் பள்ளத்தின் விளிம்பில், மேல் நிலையத்தில். அவர்களுக்குத் தலைவர் ஞானசிகாமணி. துளை வண்டி 180 மீட்டர் தள்ளி, தோண்டிய குழிக்குள் நிற்கிறது. அதன் கேபினுக்கு மூச்சுக் காற்றும் சூடும் என் ஹோஸ் வழியாகத்தான் போகின்றன.

இதைப் படிப்பவர் ஹோஸ் என்றால் செடிக்குத் தண்ணீர் விடும் டியூப் என்று நினைப்பவராக இருந்தால் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஹோஸை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் மடிப்பு விழும். துண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் கழுத்திலேயே வளைத்தாலும் விழும். இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாதது முறுக்கு. மாட்டும்போது அரைச் சுற்று முறுக்கிக்கொண்டால் போதும், உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் நிம்மதியில்லாமல் கிடக்கும், அழுத்தம் ஏறும்போதெல்லாம் திமிறும், ஒருநாள் மடங்கும். அதற்காகத்தான் ஹோஸ் நெடுக ஒரு வெள்ளைக் கோடு அச்சடித்து வருகிறது. கோடு நேராக ஓடினால் முறுக்கு இல்லை. சுற்றிக்கொண்டு ஓடினால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கோட்டைப் பார்க்காமல் ஹோஸைத் தொடாதே என்று கோயமுத்தூர் கணபதி வட்டாரத்தில் என் ஹோஸ் கடைக்கு வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். கடையை இப்போது என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அவர் கோட்டைப் பார்க்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நாள் 61 / 13:30

ஆயுத பூஜை. இரண்டு நாளாகத் துளை வேலை நிறுத்தம்.

மேல் நிலையத்திலிருந்து ஞானசிகாமணி அனுப்பிய செய்தி: "ஊர்ல நேரலையா காட்டப் போறாங்களாம். ஒரு சாமான் பழசாத் தெரியக்கூடாது கேட்டியாம்மா, எல்லாம் பளிச்சுனு இருக்கணும்." மனிதர் நாசரேத்துக்காரர், ஞாயிறு ஜெபம் தவறாதவர். ஆயுத பூஜைக்கு எங்களைவிட அவருக்குத்தான் அவசரம்.

தூசி ஒட்டாத மஞ்சள் பெயிண்ட் நாற்பது லிட்டர் மிச்சம் இருந்தது. பம்ப், துளை வண்டி, ஹோஸ், கப்ளிங் எல்லாவற்றுக்கும் அடித்தோம். ஹோஸை மூன்று துண்டாகக் கழற்றி உள்ளே கொண்டுவந்து நானே என் கையால் அடித்தேன். ராக்கியண்ணன் ஒவ்வொரு கப்ளிங்குக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசணிக்காய்க்குப் பதில் பஞ்சு உருண்டையில் சிவப்புச் சாயம் ஊற்றி உடைக்கப் பார்த்தோம், அது உடையாமல் துள்ளித் துள்ளிப் போனது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

ஹோஸைத் திரும்ப மாட்டியாயிற்று. ஓட்டம் 210. எல்லாம் சரி.

நாள் 63 / 08:25

ஓட்டம் 208. பம்ப் துடிக்கும்போதெல்லாம் இரண்டாவது துண்டு தரையில் லேசாகப் புரள்கிறது. கல் எடுத்து அண்டக் கொடுத்தேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நாள் 64 / 09:47

குழியின் தெற்குச் சுவர் சரிந்துவிட்டது. நேரம் 09:41. ராக்கியண்ணன் வண்டிக்குள் இருக்கிறார்.

வண்டி முப்பது பாகை சாய்ந்து நிற்கிறது. அவருடைய வெளி உடை பின்னறையில் இருக்கிறது, பின்னறைக் கதவு நசுங்கிவிட்டது. கேபினில் எங்கோ கசிவு. அவர் அனுப்பியது: "அம்மணி, எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. கதவுதான் தொறக்க மாட்டேங்குது. உஸ்ஸுனு ஒரு சத்தம் வந்துட்டே இருக்குதுங்க. காத்த மட்டும் நிறுத்தீராதீங்க."

மேல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன். வண்டிப் பாதை வழியாக இறங்கி வர ஏழு மணி நேரம். பதினேழு மணிக்கு முன்னால் யாரும் வர முடியாது.

ஓட்டம் 130. இறங்குகிறது.

நாள் 64 / 09:56

ஓட்டம் 40. அவசர சிலிண்டரைத் திறக்கச் சொன்னேன். முப்பது நிமிடம் வரும். ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். கசிவு இருப்பதால், சிலிண்டரும் ஹோஸும் இல்லாமல் கேபின் ஆறு நிமிடம் தாங்கும்.

உடை மாட்டிக்கொண்டு போகிறேன். இனி வாய்ப்பதிவு. நான் இதில் பேசுவது ராக்கியண்ணனுக்குக் கேட்காது.

நாள் 64 / 10:09
குழி விளிம்பு

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது துண்டு, குழி விளிம்பில் இறங்குகிற இடம். வண்டி சரிந்தபோது ஹோஸை இழுத்திருக்கிறது. விளிம்பில் மடங்கி, பிதுக்கி முடித்த பற்பசை டியூப் மாதிரி தட்டையாகிக் கிடக்கிறது. மடிப்புக்கு அந்தப் பக்கம் சூடு போகவில்லை. அங்கே குளிர் ஏற ஏற ரப்பர் விறைக்கும், பிறகு நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

இரண்டு கையாலும் தூக்கி வட்டமாக வளைத்துப் பிடித்தேன். தலைக்கவசக் கண்ணாடியில் ஓட்டம் 205 என்று வந்தது. ராக்கியண்ணன்: "வருதுங்க அம்மணி, வருதுங்க, அப்படியே வெச்சுக்கோங்க." கையை எடுத்தேன். ஹோஸ் தானாகப் புரண்டது, பாதி சுற்று சுற்றி மறுபடி அதே இடத்தில் மடங்கியது. ஓட்டம் 10.

முறுக்கு இருக்கிறது.

நாள் 64 / 10:13

நாள் 61 பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், அழித்துவிடாதீர்கள்.

வெள்ளைக் கோட்டின் மேல் பெயிண்ட் அடித்தது நான்தான். பாதி அடித்தபோதே தெரிந்தது, கோடு போய்விட்டதே என்று. இருபது வருடமாக ஹோஸ் பிடிக்கிற கை, முறுக்கு இருந்தால் கைக்குத் தெரியாதா என்று திமிர். கேமராவில் ஒரே மஞ்சளாக அழகாக இருக்கட்டும் என்றும் ஆசை. பெயிண்ட் அதோடு நிற்கவில்லை. முறுக்கு விழுந்தால் தானாகச் சுழன்று விட்டுக்கொடுக்க இரண்டாவது துண்டின் நுனியில் ஒரு சுழலும் கப்ளிங் இருக்கிறது. அதன் இடுக்கிலும் பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருக்கிறது. சற்றுமுன் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அதன் மேல் குங்குமம் அப்படியே இருக்கிறது.

முறுக்கு இல்லாத ஹோஸ் என்றால் இந்த இழுப்பைத் தாங்கியிருக்கும். மண் சரிந்தது யார் தப்பும் இல்லை. இது என் தப்பு.

நாள் 64 / 10:22

சிலிண்டரில் நான்கு நிமிடம்.

மண் மூட்டைகளை அடுக்கி அதன் மேல் ஹோஸைப் படுக்கவைத்தேன். முறுக்கு அதை உருட்டிக் கீழே தள்ளிவிட்டது. பாதியாக அறுத்த டிரம்மை வைத்தேன், விளிம்பு மண் பொடிந்து டிரம் குழிக்குள் போய்விட்டது. கயிற்றால் கட்டினால் கட்டிய இடத்தில் புது மடிப்பு விழுகிறது. துண்டையே மாற்ற ஐம்பது நிமிடம் வேண்டும்.

வளைவும் வேண்டும், புரளாமல் இரண்டு பக்கமும் பிடியும் வேண்டும். அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. பயமாக இருக்கிறது.

நாள் 64 / 10:29

ஓட்டம் 207.

என்னைச் சுற்றி வைத்திருக்கிறேன். முதுகுப் பெட்டியோடு சேர்த்தால் இந்த உடையின் வளைவு நாற்பத்தேழு சென்டிமீட்டர். ஹோஸ் முதுகுப் பக்கமாக வந்து இரண்டு அக்குளுக்கும் அடியில் போகிறது, முன்னால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். விளிம்பில் அடித்திருக்கும் இரும்புக் கம்பத்தில் இடுப்புக் கொக்கியை மாட்டிவிட்டேன். முறுக்கு திமிறுவது விலாவில் தெரிகிறது.

ராக்கியண்ணன்: "நல்லா வருதுங்க. என்ன பண்ணீங்க அம்மணி?"

பாதி பைப் ஒன்று கிடைத்தது, அதை அண்டக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அதானே பாத்தேன். உங்க கைக்கு ஹோஸு அடங்காமப் போகுமா?"

நாள் 64 / 11:05

கை மரத்துப் போய்விட்டது. இந்த உடையின் முழங்கையிலும் விரல்களிலும் இடுப்பிலும் பூட்டு உண்டு. கருவியை ஒரே நிலையில் நெடுநேரம் பிடிக்கிற வேலைக்காக வைத்தது. தாடையால் பட்டனை அழுத்தினால் உடை அப்படியே நின்றுவிடும். அழுத்திவிட்டேன். இப்போது நான் பிடிக்கத் தேவையில்லை, உடை பிடிக்கிறது.

காலி உடை ஒன்று இருந்திருந்தால் அதைப் பூட்டி நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கலாம். இருந்த இரண்டில் ஒன்று நசுங்கிய கதவுக்குப் பின்னால். இன்னொன்றுக்குள் நான்.

உடைக்குச் சூடும் மூச்சுக் காற்றும் தரும் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும் என்கிறது. அதாவது பதினாறு மணி வரை. அவர்கள் வருவது பதினேழு. வண்டிக் கதவை அறுத்துத் திறக்க இன்னும் ஒரு மணி. நிலையத்துக்குப் போய் பேட்டரி மாற்றி வர முப்பது நிமிடம், கேபின் தாங்குவது ஆறு நிமிடம். நான்கு முறை கணக்குப் போட்டேன். நான்கு முறையும் அதே விடைதான் வருகிறது.

நாள் 64 / 11:40

ஞானசிகாமணிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன், பெயிண்ட் உட்பட. அவர் சொன்னது: "பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்லா. அத நீ சொமக்காத. வண்டிய எவ்வளவு வெரசா வெரட்ட முடியுமோ அவ்வளவு வெரட்டுதோம். கோகிலா, நல்லாக் கேட்டுக்கம்மா. முடியலன்னா விட்டுட்டு உள்ள போயிரு. நான் சொல்லுதேன். என் பொறுப்பு. ரெண்டு பேர எழவு குடுக்க என்னால முடியாது."

ராக்கியண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

நாள் 64 / 12:50

முதுகிலும் விலாவிலும் ஹோஸின் சூடு தெரிகிறது. காலில் ஒன்றும் தெரியவில்லை. தரைதான் சூட்டை உறிஞ்சுகிறது. கணக்கில் பாதத்தை விட்டுவிட்டேன். பேட்டரி வேகமாக இறங்குகிறது. 15:10 வரைதான் வரும் என்று இப்போது காட்டுகிறது.

போயிரு என்று ஞானசிகாமணி சொன்னது காதிலேயே நிற்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாம். வழி இல்லை என்று நினைத்திருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நாள் 64 / 13:22

இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

இடது கைப் பூட்டைத் திறந்தேன். கொக்கியைக் கழற்றினேன். ஹோஸ் முதுகிலிருந்து வழுக்கி இறங்கியது. நிலையத்தின் விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்து ஒன்பது அடி நடந்தேன். எண்ணினேன், அதனால் தெரியும்.

ஓட்டம் பூஜ்யம்.

ராக்கியண்ணன்: "அம்மணி, காத்து நின்னுபோச்சுங்க." பிறகு இருமல். பிறகு: "ஒண்ணும் அவசரமில்லீங்க. பைப்பு நகந்திருக்கும். பாத்து, கீழ விழுந்துராதீங்க."

திரும்பி வந்தேன். மறுபடி சுற்றிக்கொண்டு கொக்கியையும் பூட்டையும் போட்டேன். மடிப்பு விழுந்த இடம் விறைப்பாக இருந்தது, ஒடிந்துவிடும் என்றே நினைத்தேன். ஒடியவில்லை. காற்று நின்றிருந்தது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. ஓட்டம் 204.

நான் நல்லவள் என்பதால் திரும்பவில்லை. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான். எனக்கு இன்னும் பயம்தான். அப்போதைவிட அதிகமாக.

நாள் 64 / 14:05

இடது கைப் பூட்டு இப்போது திறப்பதில்லை. குளிரில் இறுகிவிட்டது. மறுபடி ஓடிவிடுவேனோ என்று இனிப் பயப்பட வேண்டியதில்லை. அதில் ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ராக்கியண்ணன் பேசிக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் பயம், பேசினால் போகும் என்று பேசுகிறார். "மகளுக்கு மாப்பிள பாத்துட்டு இருக்கறமுங்க. பையன் காங்கேயம், எண்ணெய் மில்லு வெச்சிருக்கறான். நல்ல பையன்னுதான் சொல்றாங்க. ஆனா வாய் கொஞ்சம் ஜாஸ்தீங்களாம். நீங்க ஒருக்கா பேசிப் பாருங்க அம்மணி. நாலு வார்த்தையில ஆளக் கண்டுபுடிச்சுருவீங்க."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். பல் அடித்துக்கொள்வது கேட்டுவிட்டது போல. "என்னங்க, நடுங்கறீங்க?" ஹீட்டர் கொஞ்சம் மக்கர் என்று சொன்னேன்.

"அப்ப எதுக்குங்க வெளிய நிக்கறீங்க? பைப்புதான் பாத்துக்குதே. உள்ள போயிச் சூடா எதாச்சும் குடிங்க. எனக்காக நிக்க வேண்டாமுங்க."

உள்ளேதான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

நாள் 64 / 14:48

வருகிறவர்களுக்கு. இதை முதலில் கேளுங்கள்.

விளிம்பில் என்னைப் பார்ப்பீர்கள். என்னிடம் வராதீர்கள். என்னைத் தொடாதீர்கள், கொக்கியைக் கழற்றாதீர்கள், படுக்கவைக்கப் பார்க்காதீர்கள். என்னை நகர்த்தினால் ஹோஸ் புரளும். முதலில் வண்டி. கதவை அறுத்து ராக்கியண்ணனை உங்கள் காற்றுக்கு மாற்றிய பிறகுதான் நான்.

உடை பூட்டியபடியே நிற்கும். உள்ளே நான் எப்படி இருந்தாலும் உடைக்கு அது தேவையில்லை. நாற்பத்தேழு சென்டிமீட்டர் அப்படியே இருக்கும். குளிர் ஏற ஏற இன்னும் இறுகும். பம்புக்கு நிலையத்து மின்சாரம், அதற்குக் குறை இல்லை.

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிகிறது. இனி இந்த ஹோஸுக்கு நான் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாள் 64 / 15:02

என் வீட்டுக்காரருக்கு. கோட்டைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீங்க. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நிறைய இருந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை.

எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. அதை யாராவது எழுதி வையுங்கள். சிரித்துக்கொண்டு நின்றாள் என்று எழுதாதீர்கள்.

நாள் 64 / 15:19

சூடு நின்றுவிட்டது. விசிறி ஓடுகிறது. முதுகில் மட்டும் கொஞ்சம் சூடு.

ஓட்டம் 206.

ராக்கியண்ணன் கேட்கிறார், என்ன குடிச்சீங்க என்று. காபி என்றேன். சக்கரை போட்டீங்களா என்கிறார். போட்டேன் என்று

நாள் 64 / 15:44

206.

கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக. எண் மட்டும் தெரிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டு. இருநூற்றி

பயமாக இருக்குது. யாராச்சும் பேசுங்க. பேசிட்டே

நாள் 64 / 18:06
தானியங்கிப் பதிவு

அணிந்தவர் பேச்சு: 2 மணி 22 நிமிடமாக இல்லை. உடை உள் வெப்பம்: −58. மூட்டுப் பூட்டுகள்: மூடிய நிலை.

பதிவான ஒலிபரப்புகள்:

17:14, மேல் நிலைய வண்டி, ஞானசிகாமணி: "யாரும் அவ பக்கத்துல போகக்கூடாது. அழுறவன் பொறவு அழு. மொதல்ல வண்டி, கதவ அறுங்க."

17:21, துளை வண்டி, ராக்கியண்ணன்: "வந்துட்டீங்களா, வாங்க வாங்க. மெதுவா அறுங்க, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. காத்து நல்லா வந்துட்டிருக்குது. அம்மணி உள்ள அசந்து தூங்குதாட்ட இருக்குது, ரொம்ப நேரமாச் சத்தமே இல்ல. எழுப்பீராதீங்க, பாவம்."

ஹோஸ் ஓட்டம்: நிமிடத்துக்கு 206 லிட்டர். மாற்றம் இல்லை.